அறுநூற்று எண்பது வெள்ளிக் கிரைண்டர்

மார்சிலிங்
4 மார்ச் 2025

அன்பு மருமகள் சங்கீதாவுக்கு,

உன் தாய்மாமன் தங்கராஜு எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் அம்மா, அதாவது என் அக்கா பாக்கியலட்சுமி, நேற்று கீழே கோப்பிக் கடைக்கு வந்து உன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். "இனிமேல் என் போனுக்குக் கூப்பிடாதீர்கள், பிளாக் செய்துவிட்டேன். நீங்கள் பேசினால் ஒவ்வொரு தடவையும் கதை மாறுகிறது. சொல்வதைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மார்சிலிங்கிலிருந்து உன் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு மூன்று பஸ் ஸ்டாப். இதற்குத் தபால்தலை ஒட்டுகிற ஒரே மனிதன் இந்தச் சிங்கப்பூரில் நானாகத்தான் இருப்பேன். பரவாயில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் நான் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் லிஃப்ட்டையே மாற்றினார்கள். அது வேறு கதை.

கிரைண்டர் நின்றுபோனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதை வாங்கிய விதத்தில் குறை சொல்லாதே. பொங்கல் முடிந்த சனிக்கிழமை, உன் மகன் ரித்திக்குக்குக் காய்ச்சல் என்று நீ வர முடியவில்லை. ஒரு உறையில் தொள்ளாயிரம் வெள்ளியும் ஆறு வரி எழுதிய சீட்டும் என் கையில் கொடுத்தாய். சாயங்காலம் கிரைண்டரையும் மீதி இருநூற்று இருபது வெள்ளியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேனா இல்லையா? அறுநூற்று எண்பதுக்கு ஐந்து லிட்டர் கிரைண்டர். உன் அப்பா ரத்னவேல் அத்தான் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. அவரே, "இவன்கிட்ட வாய் மட்டும் இல்ல, கொஞ்சம் வேலையும் இருக்கு" என்று சொல்லி இரண்டாவது லட்டை எடுத்துக்கொண்டார். அந்த நாளை நான் எப்படி மறப்பேன்?

தேக்கா கடைத்தெருவில் என்னைக் கண்டால் கடைக்காரர்கள் கால்குலேட்டரை மேசைக்குள் ஒளித்துவைப்பார்கள். ஒரு தடவை தையல் மெஷின் வாங்கப் போய், அதோடு மேசை, முக்காலி, கல்லாப்பெட்டிமேல் இருந்த பிளாஸ்டிக் பூங்கொத்து வரைக்கும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். கிரைண்டர் விற்ற செல்லக்கண்ணு எம்மாத்திரம்? ஒரு முறை போய் அவன் முன்னால் நின்றால் போதும். கவலைப்படாதே.

அன்புடன்,
மாமா தங்கராஜு
(கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்)


உட்லண்ட்ஸ்
7 மார்ச் 2025

மாமா,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் எனக்கு வேண்டிய விஷயம் ஒரு வரிகூட இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை.

மார்ச் முதல் தேதி சனிக்கிழமை காலை, முதல் ஈடு ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் புகைந்தது. பன்னிரண்டு கிலோ அரிசி ஊறி இருந்தது. முப்பத்திரண்டு வீட்டுக்கு மாவு தருவதாகச் சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அர்ஃபான் வந்து மெஷினைக் கழற்றினார். இருபது வருடமாக மெஷின் பழுது பார்ப்பவர். பச்சைப் பெயின்ட்டுக்குக் கீழே துரு. மோட்டார் ஏற்கெனவே ஒரு முறை எரிந்து, கம்பி மாற்றிச் சுற்றிய மோட்டார். பெல்ட்டில் மூன்று இடத்தில் வெடிப்பு. "அக்கா, இது புதுசு இல்ல. பழசுக்குப் புதுச் சட்டை போட்டிருக்காங்க" என்றார். அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். தந்திருக்கிறார்.

கடைக்குப் போன் செய்தேன். "உங்க பேர்ல நாங்க எதுவும் விக்கல. வாங்கின ஆளு வரட்டும். பில் இருந்தா கொண்டு வரட்டும்" என்று வைத்துவிட்டார்கள்.

அன்று உங்களிடம் பில் எங்கே என்று கேட்டேன். காலையில், கடையில் பில்லே தரவில்லை என்றீர்கள். மதியம், நம்ம ஆளிடம் பில் கேட்பது மரியாதை இல்லை என்றீர்கள். சாயங்காலம், பில் வேண்டாம் என்று சொல்லி ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்ததாகச் சொன்னீர்கள். காட்டியிருக்கும் விலையிலேயே ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது மாமா. அதை நீங்கள் எப்படி மிச்சம் பிடித்தீர்கள்?

வேலையை விட்டுவிட்டுத்தான் இந்த மாவு வியாபாரத்தைத் தொடங்கினேன். எனக்கு வேறு சம்பளம் இல்லை. பக்கத்து வீட்டு ஜைனப் அக்கா சனிக்கிழமை மட்டும் தன் சின்ன கிரைண்டரைத் தருகிறார். அதில் எட்டு வீட்டுக்குத்தான் அரைக்க முடிகிறது. மாதம் முடிவதற்குள் மெஷினோ பணமோ கிடைக்காவிட்டால் இதை மூடிவிட்டு, துவாஸில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலைக்குச் சேர வேண்டும். ரித்திக்கை யார் பார்ப்பது என்று தெரியவில்லை.

அதனால் நான் விடப்போவதில்லை. இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். மெஷின் புதியது என்று அவர்கள் சொன்னார்களா? யார் சொன்னது? உத்தரவாதம் உண்டா? பில் இருக்கிறதா, இல்லையா?

சங்கீதா


மார்சிலிங்
10 மார்ச் 2025

அன்பு மருமகளே,

போலீஸ்காரர்கூட இப்படிக் கேட்கமாட்டார். ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

புதியது என்று சொன்னார்களா என்றால், சொன்னார்கள். சொன்னது செல்லக்கண்ணுவேதான். பளபளவென்று நின்ற மெஷினை என் முன்னால் தட்டிக் காட்டி, "அண்ணே, நேத்துத்தான் பெட்டியிலருந்து எடுத்தோம்" என்றான். உத்தரவாதமும் உண்டு, மோட்டாருக்கு ஒரு வருஷம் என்றான்.

பிறகுதான் யுத்தம் ஆரம்பம். இரண்டு மணி நேரம். அவன் ஒரு விலை சொல்ல, நான் எழுந்து வாசல்வரைக்கும் நடக்க, அவன் ஓடிவந்து கையைப் பிடிக்க, நான் திரும்ப உட்கார, இப்படி ஏழு தடவை. கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கடைசியில் செல்லக்கண்ணு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அறுநூத்தி எண்பது, எடுத்துட்டுப் போங்கண்ணே, இனிமே வராதீங்க" என்றான். ஒருவர் கைகூடத் தட்டினார்.

நேற்று உனக்காகத் தேக்காவுக்குப் போனேன். என் சினேகிதன் ஜாஃபர் தெரியுமல்லவா, செல்லக்கண்ணு கடைக்கு எதிரில் டீக்கடையில் டீ ஆற்றுகிறவன், அவன் கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரேக் டீ குடித்தேன். செல்லக்கண்ணு கடையில் கூட்டமாக இருந்தது. கூட்டத்தில் ஒரு மனிதனை அவமானப்படுத்துவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

பில்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது அதை எதற்குத் தோண்ட வேண்டும்? உன் மாமனின் வாய்ச்சொல் போதாதா? எந்த மன்றத்திலும் வந்து நின்று சொல்கிறேன்.

மழை அடிக்கடி பெய்கிறது. ரித்திக்கை நனைய விடாதே.

அன்புடன்,
மாமா


உட்லண்ட்ஸ்
12 மார்ச் 2025

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பில் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்தேன்.

நேற்று நான் மூன்று இணையக் கடைகளிலும், நேரில் இரண்டு கடைகளிலும் அதே மாடலுக்கு விலை கேட்டேன். இந்த வேலையை ஜனவரியில் செய்திருக்க வேண்டும், செய்யாதது என் தவறு. எண்ணூற்று ஐம்பதுக்குக் கீழே புதிய மெஷின் எங்கும் இல்லை.

பிறகு செல்லக்கண்ணுவுக்கு மறுபடி போன் செய்தேன். இந்த முறை அவரே பேசினார். மெஷின் அவர் கடையில் வாங்கியது என்று ஒப்புக்கொண்டார். "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார். அறுநூற்று எண்பது என்று சொன்னேன். அவர் சிரித்தார் மாமா. "அறுநூத்தி எண்பதுக்குப் புது மெஷின் எங்கம்மா கிடைக்கும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க மாமா பழசுன்னு தெரிஞ்சுதான் மலிவா எடுத்துட்டுப் போனாரு. பழசுக்கு நாங்க பொறுப்பு இல்ல லா" என்றார்.

நீங்கள் என்னிடம் சொன்ன விலையைத்தான் நான் அவரிடம் சொன்னேன். அந்த ஒரு எண்ணை வைத்தே அவர் என்னை மடக்கிவிட்டார்.

இனி ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழசு என்று தெரிந்து வாங்கினீர்களா? ஆம் என்றால் எழுதிவிடுங்கள். திட்டமாட்டேன். வழக்கு இல்லை என்று முடிவுசெய்து துவாஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிடுகிறேன். தெரியாமல் வாங்கினீர்கள் என்றால், இந்த அறுநூற்று எண்பது எப்படி வந்தது என்று விளக்குங்கள்.

கைதட்டியவரைப் பற்றி எழுத வேண்டாம்.

சங்கீதா


மார்சிலிங்
15 மார்ச் 2025

சங்கீதா,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். எழுத ஆரம்பித்தால் கை தானாகவே அலங்காரம் செய்யப் போய்விடுகிறது.

பழசு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன் பிள்ளைமேல் ஆணையாக வாங்கியிருக்கமாட்டேன். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. நானும் தட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்த்தால் எனக்கு என்ன தெரியும்? எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினேன். உன் சீட்டில் மூன்றாவது வரியில், மெஷினை ஓட விட்டுப் பார்க்கவும் என்று எழுதியிருந்தாய். சீட்டைச் சட்டைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை.

யுத்தம் ஒன்றும் நடக்கவில்லை. கல்லாவில் நஸீஹா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், சட்டையில் பெயர் குத்தியிருந்தது. விலைச் சீட்டில் எண்ணூற்று எண்பது என்று போட்டிருந்தது. நான் என் பாணியில் சிரித்துக்கொண்டு, "ஐந்நூறு" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்கிள், இங்க எல்லாம் ஃபிக்ஸட் பிரைஸ் லா" என்றாள். எழுநூறு என்றேன். எண்ணூறு என்றேன். "அங்கிள், பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றாள். முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். செல்லக்கண்ணு வந்து, "வேணும்னா எடுங்க, இல்லேன்னா வழி விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு கேலண்டராவது கொடு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கேலண்டர் முடிந்துவிட்டதாம்.

எண்ணூற்று எண்பதைக் கொடுத்தேன். இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மெஷினை டாக்சியில் ஏற்றிவைத்துவிட்டு நின்றேன். உறையில் இருபது வெள்ளி மீதி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருப்பீர்கள், அத்தான் முதல் கேள்வியாக எவ்வளவுக்கு முடித்தாய் என்று கேட்பார். முப்பது வருஷமாக இந்தக் குடும்பத்தில் எனக்கு இருக்கிற பெயர் அது ஒன்றுதான். படிப்பு இல்லை, சொந்தப் பிள்ளை இல்லை, லாரி ஓட்டியவன். ஆனால் தங்கராஜுவைக் கூட்டிக்கொண்டு போனால் விலை குறையும். அந்தப் பெயரும் போய்விட்டால் நான் உங்கள் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது?

பல் செட் போடுவதற்குச் சேர்த்துவைத்திருந்த பணத்திலிருந்து இருநூறு எடுத்தேன். உறைக்குள் வைத்தேன். உன் மேசைமேல் நான் வைத்த இருநூற்று இருபதில் உன்னுடைய பணம் இருபதுதான்.

பில் இருக்கிறது. அன்றே கொடுத்தார்கள். அதில் எண்ணூற்று எண்பது என்று அச்சடித்திருந்ததால் உன்னிடம் காட்டவில்லை. கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன், மனம் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். புதியது என்றும், மோட்டாருக்கு ஒரு வருஷ உத்தரவாதம் என்றும், அடியில் மெஷின் எண்ணும் போட்டிருக்கிறது. நான் படித்துப் பார்த்ததே முந்தாநாள்தான்.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மூன்று பஸ் ஸ்டாப்புக்குப் பதிவுத் தபாலா என்று அந்தத் தபால் நிலையப் பெண் கேட்டால் கேட்கட்டும்.

அத்தானிடம் மட்டும் சொல்லாதே.

தங்கராஜு


உட்லண்ட்ஸ்
18 மார்ச் 2025

மாமா,

பில் வந்து சேர்ந்தது. வந்தவுடன் டார்ச் அடித்து மெஷினின் அடித்தட்டைப் பார்த்தேன். எண் சரியாக இருக்கிறது, கடைசி இலக்கம்வரைக்கும். படம் எடுத்துவைத்துவிட்டேன். இந்த மெஷினைத்தான் அவர்கள் புதியது என்று எழுதி விற்றிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்கமாட்டேன். மெஷின் நின்ற பிறகும் இரண்டரை வாரம் இந்தத் தாள் உங்கள் பாஸ்போர்ட்டுக்குள் இருந்திருக்கிறது. அந்த இரண்டரை வாரமும் நான் இருபத்துநான்கு வீட்டுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிவாக வாங்கித் தாருங்கள் என்று நான் எப்போது கேட்டேன்? சீட்டில் ஆறு வரி எழுதினேன். பேரம் பேசவும் என்று அதில் ஒரு வரி இல்லை. ஓட விட்டுப் பார்த்துவிட்டுத் தொள்ளாயிரம் கொடுத்து வந்திருந்தாலும் நான் உங்களுக்கு லட்டு வைத்திருப்பேன்.

சரி. இனி செய்ய வேண்டியது.

சனிக்கிழமை நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். வாங்கிய ஆள் வரட்டும் என்றுதானே சொன்னார்கள். நான் வர முடியாது. ஜைனப் அக்காவின் கிரைண்டர் எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான். புகார்க் கடிதம் இரண்டு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றைக் கொடுங்கள். மற்றதில் கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பில்லின் நகல், மெஷின் எண் படம், அர்ஃபான் எழுதிய தாள் மூன்றும் சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். அசல் பில் என்னிடம் இருக்கும். அதைக் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்லுங்கள்.

கேட்பது ஒன்றுதான். எண்ணூற்று எண்பது வெள்ளியும் திரும்ப வேண்டும். பத்து நாள் அவகாசம். தராவிட்டால் சின்ன வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போவேன். அங்கே வக்கீல் கிடையாது, நானே பேசலாம். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டேன்.

அறுநூற்று எண்பது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை என்று உங்கள் வாயால் நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். அதை என் கடிதம் சொன்னால் போதாது. தாளில் இருப்பதைத் தவிர வேறு எதையும் பேச வேண்டாம். தையல் மெஷின் கதை வேண்டாம்.

அப்பாவிடம் நானாகச் சொல்லமாட்டேன். கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்.

சங்கீதா


மார்சிலிங்
23 மார்ச் 2025

அன்பு மருமகளே,

போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சாட்சிக்கு ஜாஃபர் இருக்கிறான், வேண்டுமானால் அவனிடம் கேட்டுக்கொள்.

தனியாகப் போகக் கால் வரவில்லை, அதனால்தான் ஜாஃபரையும் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை பதினோரு மணி, நல்ல கூட்டம். செல்லக்கண்ணு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"என்னண்ணே, பழைய மெஷின் வாங்கிட்டுப் போய் இப்ப புதுசு கேக்கறீங்களாமே. உங்க மருமகளே சொன்னாங்க, அறுநூத்தி எண்பதுன்னு."

நான் பதில் சொல்வதற்குள் ஜாஃபர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "ஆமாண்ணே, அறுநூத்தி எண்பதுதான். என் கடையில உக்காந்து இருபது தடவை சொல்லியிருக்கான்" என்றான்.

செல்லக்கண்ணு சிரித்தான். குக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். தோசைக்கல் வாங்க வந்த இரண்டு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். நஸீஹா கல்லாவில் இருந்தாள்.

உன் தாளில் எழுதியிருந்ததைச் சொன்னேன். "நான் ஊர் முழுக்கச் சொன்னது பொய். எண்ணூத்தி எண்பது கொடுத்தேன். ஒரு வெள்ளிகூட குறைக்கல. குறைக்கச் சொல்லிக் கேட்டேன், முடியாதுன்னாங்க, முழு விலையும் கொடுத்துட்டுப் போனேன்."

ஜாஃபர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

"இப்ப மாத்திப் பேசறீங்களே" என்றான் செல்லக்கண்ணு. நகலை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். புதியது என்று எழுதியிருக்கிற இடத்தில் விரலை வைத்தேன். மெஷின் எண்ணையும் படத்தில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படித்தேன். அர்ஃபான் எழுதியதைப் படிக்கும்போது, துரு என்ற இடம் வந்ததும் அந்தக் குக்கர் அம்மா குக்கரை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். செல்லக்கண்ணு அதைப் பார்த்தான்.

நஸீஹாவிடம், "இந்த பில் நம்மதானா?" என்று கேட்டான். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "நம்மதுதான் பாஸ். நான்தான் போட்டேன். இந்த அங்கிளை ஞாபகம் இருக்கு, கேலண்டர் கேட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மருமகளே, நான் என் வாழ்நாளில் பார்க்காததைப் பார்த்தேன். கடைக்காரன் என்னிடம் பேரம் பேச ஆரம்பித்தான். என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணே, ரிப்பேர் பண்ணித் தர்றேன்" என்றான். வேண்டாம் என்றேன். "முந்நூறு தர்றேன், மெஷினையும் வச்சுக்கங்க." வேண்டாம். "ஐந்நூறு. கையோட, இப்பவே." நாக்கு நுனியில் எழுநூறு வந்து நின்றது. இரண்டு பேரும் நடுவில் எங்காவது சந்தித்துக் கைகொடுத்துக்கொள்ளலாம், வாசலுக்கு நடக்கலாம், அவன் கையைப் பிடிப்பான். நான் சொல்லிச் சொல்லி வளர்த்த யுத்தம் நிஜமாகவே என் முன்னால் வந்து நின்றது. ஜாஃபர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உன் தாளை மறுபடி பார்த்தேன். எண்ணூற்று எண்பது என்று இருந்தது.

"இங்க ஃபிக்ஸட் பிரைஸ்" என்றேன்.

நஸீஹா குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

இரண்டாவது பிரதியில் முத்திரை வைத்தான், கையெழுத்தும் போட்டான். "திங்கக்கிழமை கணக்கரைக் கேட்டுச் சொல்றேன்" என்றான். பத்து நாள், அதாவது ஏப்ரல் முதல் தேதி என்று சொல்லிவிட்டு வந்தேன். தீர்ப்பாயத்தைப் பற்றியும் சொன்னேன், ஒரு தடவை மட்டும்.

வெளியே வந்ததும் ஜாஃபர், "அப்ப அந்தத் தையல் மெஷின்?" என்று கேட்டான். அதற்கு உன் தாளில் பதில் எழுதவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

தங்கராஜு


உட்லண்ட்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

வியாழக்கிழமை பணம் என் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. முழுவதும். வெள்ளிக்கிழமை ஆள் வந்து பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போனார். கொடுத்ததற்கு அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எழுதிவைத்திருந்த துவாஸ் விண்ணப்பத்தை அழித்துவிட்டேன்.

நேற்று வேறு கடையில் புதியது வாங்கினேன். நானே போனேன். இருபது நிமிடம் ஓட விட்டேன், அடியில் குனிந்து எண்ணைப் பார்த்தேன், பழுதானால் யார் வீட்டுக்கு வருவார், எத்தனை நாளில் வருவார் என்று எழுதி வாங்கினேன். கடைக்காரர், "என்னம்மா, இவ்வளவு கேள்வி" என்றார். இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். முப்பத்திரண்டு வீட்டில் இருபத்தொன்பது பேர் திரும்பிவிட்டார்கள். மற்ற மூன்று பேரையும் விடமாட்டேன்.

உங்கள் இருநூறு அம்மாவிடம் இருக்கிறது. பல் டாக்டரிடம் மட்டும்தான் கொடுப்பாள். உங்களிடம் தரமாட்டாள், கேட்டுப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் கடையில் சொன்னதை நான் அர்ஃபானிடமும் ஜைனப் அக்காவிடமும் சொன்னேன். கூட்டாமல்தான் சொன்னேன். கூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்பா கேட்டுவிட்டார். நேற்று இரவு சாப்பிடும்போது, "எண்ணூத்தி எண்பது எப்படி வந்துச்சு? அவன் அறுநூத்தி எண்பதுக்குத்தானே வாங்கினான்?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கை கழுவிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா, "என்னங்க, கரன்ட் போகுது, மூடுங்க" என்றாள்.

மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாயிரத்து ஒன்பதுல இதையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். ஆயிரத்து நூறை எண்ணூறுக்கு முடிச்சேன்னு வந்து நின்னான். அவனுக்கு எழுதறப்ப கேளு, இதுல எவ்வளவு போட்டான்னு."

கேட்டுவிட்டேன்.

சங்கீதா


மார்சிலிங்
2 ஏப்ரல் 2025

அன்பு மருமகளே,

அத்தானிடம் சொல்.

ஃபிரிட்ஜுக்கு நான் போட்டது இருநூற்று எழுபது. கடைக்காரர் முப்பது குறைத்தார். அந்த முப்பது நிஜம், அதற்கு நான் அரை மணி நேரம் பேசினேன், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், ஓவர்டைம் நிறைய இருந்தது, எனக்குக் கஷ்டம் தெரியவில்லை.

அவர் பணத்தை எடுத்து நீட்டினால் வாங்காதே. பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அந்த ஃபிரிட்ஜைத் திறந்து, யாரையும் கேட்காமல் உள்ளே இருப்பதை எடுத்துச் சாப்பிட்டவன் நான். அதற்கு அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன்.

நான் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

மாமா தங்கராஜு